சின்ன வட்டம்

நவம்பர் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். கொடியில் கிடந்த யூனிஃபார்ம் காயவில்லை. ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வழக்கம்போல மெர்சி ஸ்கூட்டியோடு வாசலில். ஷேர் ஆட்டோ கவிழ்ந்து என் வலது முட்டியில் பிளேட் வைத்தார்களே, அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு ஏற்றிப் போவதும் திரும்பக் கொண்டுவந்து இறக்குவதும் அவள்தான். நாலு வீடு தள்ளி இருக்கிற பெண். பேக்கிங்கில் எனக்குப் பக்கத்து டேபிள். இருக்கிற ஒரே மழைக்கோட்டையும் எனக்குக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே ஓட்டுகிறாள். எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மாலை ஜி.எச். பிசியோ. முட்டி தொண்ணூறு டிகிரியைக் கொஞ்சம் தாண்டுகிறதாம். இனிமேல் பெரிதாக மடங்காது என்று அந்தம்மா பக்குவமாகச் சொன்னார்கள். பரவாயில்லை, நடக்கிறேனே. அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடி மிதிக்கிற குட்டி பெடல் மெஷின் ஒன்று உண்டு. அதில் கால் வலியில்லாமல் சுற்றுகிறது. வீட்டில் என் பெண் விட்டுப்போன சைக்கிளில் ஏறினால் மட்டும் வலது பெடல் மேலே வரும்போது முட்டி பூட்டிக்கொள்கிறது. ஏன்? வரும் வழியெல்லாம் மெர்சியின் முதுகுக்குப் பின்னால் இதே யோசனை.

வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தேன். பெடலையும் நடு அச்சையும் இணைக்கிற கிராங்க், சைக்கிளில் ஒரு சாண். மெஷினில் அதில் பாதிகூட இல்லை. கால் சுற்றுகிற வட்டம்தான் பெரிசு. முட்டியைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

நாளை: உளுந்து ஊறப்போட, பெண்ணுக்கு ஃபோன், கேஸ்.

நவம்பர் 8, சனி

வெயில். துணி காய்ந்தது.

குழாயடியில் மெர்சியின் அம்மா எஸ்தர் அக்கா. பேச்சுவாக்கில் தடா பக்கம் ஒரு கம்பெனியில் மெர்சிக்கு வேலை கிடைத்திருப்பதைச் சொன்னார்கள். பெர்மனென்ட். இங்கே நாங்கள் இருவரும் கான்ட்ராக்ட். சந்தோஷமாக, எப்போது சேருகிறாள் என்று கேட்டேன். அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"உனுக்குத் தெரியாதா வசந்தா? ரெண்டு தபா கூப்ட்டாங்க. அக்காவ யாரு இட்டுக்கினு போவாங்கன்னு இதுதான் போவாம கீது. வர்ற திங்கக்கெழம இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கெழமதான் கடைசியாம். அதோட வேற ஆளு போட்டுப்பாங்களாம்."

முதலில் கோபம்தான் வந்தது. யாரைக் கேட்டு எனக்காக விட்டுக்கொடுக்கிறாள்? நான் கேட்டேனா? குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டேன். அப்புறம் அரிசி களையும்போது அழுகை. கூடப் பிறந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு நாள் வந்து எட்டிப் பார்க்கவில்லை. இவள் யார் எனக்கு?

இவரிடம் சொன்னேன். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு, அந்தப் பெண் பிழைத்துப் போகட்டும் என்கிறார். எட்டு வருஷ வேலை. அதை விட எனக்கு மனசில்லை. ஆரம்பாக்கம் ஸ்டேஷன் வரை போய்விட்டால் ரயில் இருக்கிறது, கு.பூண்டியில் கம்பெனி வேன் இருக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைதான் சிக்கல். நடக்கிற தூரம் இல்லை. தடாவுக்கு அது எதிர்ப்பக்கம், மெர்சியாலும் கொண்டுவிட முடியாது. ஷேர் ஆட்டோவில் ஏற இன்னும் துணிவு வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் விட்டு வந்த மெர்சியை மடக்கினேன். முதலில் மழுப்பினாள். தூரம், புது இடம், ஏதேதோ. நான் விடவில்லை. சைக்கிளில் ஸ்டேஷன் போய்விடுவேன் என்றேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"செரி. ஸ்டேஷன் வரிக்கும் ஒரே ஒரு தபா நீ ஓட்டிக் காட்டுக்கா. நான் தடாவுக்குப் போறேன்."

இது போதும் எனக்கு.

மத்தியானம் சீட்டை உயர்த்தி ஒரு முயற்சி. முட்டி கொஞ்சம் தப்பித்தது, ஆனால் கால் தரையில் எட்டவில்லை. சேற்றில் விழுந்தேன். நல்லவேளை இடது பக்கமாக. இவர் ஓடிவந்து தூக்கினார். திட்டுவார் என்று பார்த்தால், கிராங்கைத்தானே மாற்ற வேண்டும், நானே கழற்றித் தருகிறேன் என்று ஸ்பேனரோடு உட்கார்ந்துவிட்டார். மில்லில் இரும்பு ஏற்றுகிற கை. அச்சோடு சேர்த்திருக்கிற பின்னைத் தட்டிக் கிராங்க் இரண்டையும் எடுத்தாயிற்று. நடு அச்சும் ஆடுகிறது, அதையும் எடுத்துவிடலாம் என்றார். அதைப் பிடித்திருக்கிற வலது பக்கக் கப்தான் அசையவில்லை. ஸ்பேனர்மேல் ஏறியே நின்றார். ம்ஹூம். இருட்டும் வரை போராட்டம். அவர் உள்ளங்கையில் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். வாயால் முடவன் கொம்புத்தேன் என்று கேலி செய்கிற மனுஷன்தான், ஆனால் கையால் செய்வது வேறு.

நவம்பர் 10, திங்கள்

இவர் மில் டெம்போவில் போட்டுச் சைக்கிளை மெயின் ரோட்டில் பாஷா பாய் கடையில் இறக்கிவிட்டார். மாலை நானும் மெர்சியும் போனோம்.

பாய் கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது எதிர் மரைம்மா. இந்தப் பக்கம் மட்டும் உல்ட்டாவா சுத்தணும். உங்க ஊட்டுக்காரரு கழட்டல, ஜென்மத்துக்கும் கழலாத மாதிரி டைட் பண்ணிக்கீறாரு." பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. மெர்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவரிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

பாய் சொன்னது, மறக்காமல் இருக்க:
– அச்சு தேய்ந்து ஆட்டம். எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.
– குண்டும் கிரீசும் தனியாகப் போடத் தேவையில்லாத, மூடின பேரிங் செட் போடலாம். மழைத்தண்ணீர் போகாது.
– பின் அடித்து மாட்டுகிற பழைய கிராங்க் அதற்குச் சேராது. சதுர ஓட்டை உள்ளது வேண்டும்.

சின்ன கிராங்க் வேண்டும் என்று நாலு முறை சொன்னேன். மெட்ராஸிலிருந்து வரவழைப்பதாகச் சொன்னார்.

நவம்பர் 12, புதன்

செட் வந்தது. கிராங்க் அதே ஒரு சாண். பல் சக்கரம்தான் சின்னது! தண்ணீர் கேன் போடுகிறவர்கள் மிதி லேசாக இருக்கத்தான் சின்னது கேட்பார்களாம், நானும் அதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டாராம். இருப்பது அஞ்சு நாள். கடை வாசலிலேயே பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கி, முட்டித் தழும்பைக் காட்டி, கால் இவ்வளவுதான் மடங்கும் என்று மடக்கிக் காண்பித்தேன். பாய் முகம் மாறிப்போயிற்று.

"ஒலகமே நீட்டுக் கிராங்கு கேக்குது, கட்டை யாரு கேப்பாங்கன்னு நெனச்சேன். இதானா சமாச்சாரம்? மொதல்லியே காலக் காட்டக் கூடாதா?"

சின்னப் பிள்ளைகள் சைக்கிளுக்கு வருகிற செட் போடலாம் என்றார். முதலில் வந்ததும் பாதி சரிதானாம். கிராங்க் குட்டையானால் மிதி கனக்கும், அதனால் பல் சக்கரமும் சின்னதாகத்தான் வேண்டுமாம். வேகம் மட்டும் இருக்காது. வேகம் யாருக்கு வேண்டும்?

மெர்சி முகத்தில் கவலை. தனக்காக இல்லை, நான் ஏமாந்து போவேனோ என்று. அப்படி ஒரு பிறவி.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது. சாம்பார் கரிந்தது.

பாய் சொன்னபடி செய்தார். புது அச்சு, குட்டிக் கிராங்க், செயினில் நாலு கண்ணி குறைத்து, சீட்டை இரண்டு விரல் உயர்த்தி. பெடலைக் கையால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஏறினேன். மெர்சி சீட்டைப் பிடித்துக்கொண்டாள். வலது பெடல் மேலே வந்தது. பல்லைக் கடித்தேன். முட்டி பூட்டவில்லை. இழுத்தது, ஆனால் தாண்டியது. இன்னொரு சுற்று. இன்னொன்று. கடவுளே, உனக்குக் கோடி கும்பிடு.

சந்து முடிகிற இடத்தில் இறங்கத் தெரியாமல் சுவரைப் பிடித்து நின்றேன். அதனாலென்ன.

நவம்பர் 15, சனி

ரேஷன் கடைக்கு எதிரே பழகினேன். தையல் மிஷின் மாதிரி கால் படபடவென்று சுற்றுகிறது, வண்டி நத்தை. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நிற்பதற்கு வழி கண்டுபிடித்துவிட்டேன்: சீட்டைவிட்டு முன்னால் இறங்கி இடது காலை ஊன்ற வேண்டும். மறுபடி கிளம்புவது மட்டும் தகராறு. வலது காலால் உந்த வலுவில்லை. இடது பெடலை மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டால் முடிகிறது.

இரவு முட்டி வீங்கியது. இவர் கேட்காமலே ஐஸ் வாங்கி வந்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

நாள் முழுக்க அடைமழை. வெளியே தலைகாட்ட முடியவில்லை. பழகவும் இல்லை.

மாலை மெர்சி குடையோடு வந்தாள். விடுக்கா, மழையில் வேண்டாம், காலையில் நானே ஃபோன் போட்டு வரலைன்னு சொல்லிடறேன் என்றாள். சாதாரணமாகச் சொன்னாள், கடைக்குப் போகவில்லை என்கிற மாதிரி. உனக்கு நான் என்ன செய்தேன் என்று இத்தனை செய்கிறாய் என்று கேட்டேவிட்டேன். டீ ஆறுகிறது என்றாள்.

புது கம்பெனிக்கு என்ன துணி போடப் போகிறாய், அதை அயர்ன் பண்ணி வை என்று சொல்லி அனுப்பினேன். அனுப்பிவிட்டு ரொம்ப நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

கம்பெனியில், சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

விடியும்போது மழை இல்லை. ரோட்டில் தண்ணீர். இவர் காற்று சரிபார்த்து, டிபன் பாக்ஸைக் கேரியரில் கட்டிவிட்டார். நான் ஏறும்போது, "பாத்துப் போமே" என்றார்.

எஸ்தர் அக்கா வீட்டைத் தாண்டும்போது பெல் அடித்தேன். வாசலில் மெர்சி, நீலச் சுடிதார், ஸ்டார்ட் ஆன வண்டி. நிற்கவில்லை நான். நின்றால் மறுபடி கிளம்ப வேண்டுமே. பின்னாலேயே ஸ்கூட்டி சத்தம். முந்தவும் இல்லை, விலகவும் இல்லை. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நடவு வயல் தளும்பிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பள்ளம், தண்ணீருக்குள் தெரியவில்லை. ஹேண்டில் ஆடியது. பின்னால் ஹாரன் ஒரு முறை, பயந்துபோய் அடித்தது. விழவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முட்டி ஒரு சொடக்கு. போகட்டும், சுற்றுகிறதே.

மெயின் ரோடு வந்தது. நான் ஸ்டேஷன் பக்கம், அவள் தடா பக்கம். ஒரு லாரிக்காக நின்றேன். இடது கால் ஊன்றியது. பின்னால் ஸ்கூட்டியும் நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இறங்கி வந்து சைக்கிளைப் பிடித்துக்கொள்வாள். லாரி போனது. இடது பெடலை மேலே வைத்து அழுத்தினேன். ரோட்டைத் தாண்டினேன்.

தாண்டிய பிறகும் ஸ்கூட்டி அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. ஒரு கையை விட எனக்குப் பயம். இருந்தாலும் விட்டேன். தலைக்கு மேல் தூக்கி, தடா பக்கம் காட்டி, போ, போ என்று ஆட்டினேன்.

ஸ்கூட்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.