பொரிப்புப் பெட்டியும் மருமகள் கையும்

மார்ச் 4
பொரிப்புப் பெட்டியில் மூன்றாவது தடவையாக ஒரு குஞ்சுகூடப் பொரியவில்லை. உடைத்துப் பார்த்தால் வெறும் மஞ்சளும் வெள்ளையும்தான்.

இவர் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: "உன் மருமக முட்டையைத் திருப்ப ஆரம்பிச்சதிலேருந்துதான் இப்படி. கல்யாணமாகி மூணு வருஷம், அவளுக்கே ஒண்ணும் இல்லையே!" பிறகு மகனைப் பார்த்து, "மாசக் கடைசியில அவ அம்மா வீட்டுல கொண்டுபோய் விடு. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

மகன் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டப் போய்விட்டான். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்?

மார்ச் 5
சேவலுக்குக் கால் வலியாம், இவர் ஒத்தடம் கொடுக்கிறார். பெயர் ஜமீன். வயசாகிவிட்டது. இந்த வீட்டில் முதலில் சாப்பிடுவது ஜமீன், அடுத்து இவர், மிச்சம்தான் எங்களுக்கு. ஒரு தடவை தபால்காரரைத் துரத்தி, அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி... அதை விடு, எழுத வந்தது வேறு.

பெட்டியில் புது முட்டை அடுக்கினோம். எல்லாப் பக்கமும் சூடு பட, தினமும் திருப்பிவிட வேண்டும். கரியால் பாதிக்கு வட்டம், பாதிக்குப் புள்ளி. வட்டத்தை நான் திருப்ப வேண்டும், புள்ளியை மருமகள்.

"எதுக்கு அத்தை?"

"உன் கையா, வேற ஏதாவதான்னு பாத்துடுவோம்."

"என் கைதான்னு வந்துட்டா?"

நான் அடுத்த முட்டையில் புள்ளி வைத்தேன்.

மார்ச் 12
இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தோம். கரு பிடித்த முட்டையில் சிவப்பாக நரம்பு ஓடும், சிலந்தி கால் விரித்த மாதிரி. புள்ளியில் இல்லை. வட்டத்திலும் இல்லை. பிள்ளை பெற்றவள் கைதான் என் கையும்!

இவரிடம் சொன்னேன். "ஒரே வீட்டுக் காத்து. அவ மூச்சு பட்டா போதாதா?" என்றார். சரி, அதையும் சோதித்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 13
எதிர்வீட்டுத் தையல்காரியிடம் முட்டை கேட்டேன். "ஆம்லெட்டுக்கா, குஞ்சு பொரிக்கவா?" என்றாள். குஞ்சுக்கு என்றதும் நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்தாள். அதற்கு மட்டும் ஒரு கோடு போட்டு, எங்கள் கோழிகளின் புது முட்டையோடு அதே பெட்டியில் வைத்தோம். இந்தத் தடவை நான் தொடவே மாட்டேன். எல்லாம் மருமகள் கை.

மார்ச் 18
மகன் அவள் பையை எடுத்து வைத்துவிட்டான். "அப்பா சொல்லிட்டாரேம்மா" என்கிறான். ஏன்டா, உனக்கு வாய் இல்லையா? கட்டிக்கிட்டவன் நீயா, அவரா? கோபத்துல எழுத்தெல்லாம் கோணுது.

மார்ச் 20
கோடு போட்ட முட்டைகளில் நரம்பு! ஒன்றில் துடிப்பதுகூடத் தெரிந்தது. எங்களுடையதில் வெறும் வெளிச்சம்.

"ரெண்டையும் நான்தானே அத்தை தொட்டேன்?"

"ஆமா. காத்தும் ஒண்ணுதான்."

"அப்போ கோழியில கோளாறா?"

"கோழி ஏழெட்டு இருக்கு. எல்லாத்துக்கும் ஒண்ணா கோளாறு வருமா?"

எல்லாவற்றுக்கும் பொது ஒன்றே ஒன்றுதான். ஜன்னல் வழியே பார்த்தோம். ஜமீன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்துபோனது. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

மார்ச் 21
"ஜமீனையா சொல்றே?" என்று இவர் குதித்தார். "நானா சொல்றேன்? நீங்களே பாத்துக்கங்க" என்றேன். ஜமீனைத் தனியாக அடைத்துவிட்டு, தையல்காரியின் சேவலை இரவல் வாங்கி எங்கள் கோழிகளோடு விட்டோம். அந்த முட்டையைப் பார்க்கும்வரை மருமகள் எங்கேயும் போவதில்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டேன். பையைப் பிரித்தவளும் நான்தான்.

மார்ச் 24
இவர் இன்னும் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

ஏப்ரல் 9
இரவல் சேவல் வந்தபின் எங்கள் கோழிகள் இட்ட முட்டையிலும் நரம்பு. திருப்பியது மருமகள். இவர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஜமீனுக்குத் தீனி வைத்தார். எப்போதும் வைக்கிற அளவுதான். அது பாவம், என்ன செய்யும்?

மகன் மட்டும் போகாமல் நின்றான்.

"மூணு டாக்டர்கிட்ட காட்டினோமேம்மா."

"ஆமா, அவளை."

"என்னை யாரும் பாக்கவே இல்லையே."

ஏப்ரல் 17
மகன் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். சீட்டு அவன் பெயரில். மருமகள் துணைக்குப் போயிருக்கிறாள்.