முதல் கூடை விழும்வரை

பேருந்துப் பணிமனை ஓய்வறை
வியாழன் மதியம்

அன்புள்ள குள்ளனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கணுக்கால் வீக்கம் வற்றிவிட்டதா என்று மறைக்காமல் எழுது. ஆறே முக்கால் அடி வளர்ந்த பிறகும் குள்ளன் என்றே கூப்பிடுகிறாயே என்று கோபித்துக்கொள்ளாதே. உறையின் மேல் ஒழுங்கான பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

நீ அனுப்பிய டிக்கெட் வந்து சேர்ந்தது. வரும் சனிக்கிழமை உன் புது அணி இங்கே வந்து, நீ முன்பு ஆடிய எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணியோடு ஆடப்போகிறது. பஸ் ஓட்டும்போது மட்டும் அதை நினைக்காமல் பார்த்துக்கொள்கிறேன். உன் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஆட்டக்காரர்களின் குடும்பத்தார் வரிசையில் உட்காரச் சொல்கிறாய். "என்னைய வித்துட்ட டீமுக்கு இன்னும் எதுக்கும்மா தொண்டத்தண்ணி வத்தக் கத்தற?" என்றும் போனில் கேட்டாய். உன் அப்பாவும் அதையேதான் கேட்கிறார். நீ போன நாளிலிருந்து எங்கள் ஆட்டம் வந்தால் டிவியை அணைத்துவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்துவிடுகிறார். இப்போது வீட்டில் மடிக்காத துணி ஒன்றுகூட இல்லை.

பதின்மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றுவிட்டோம். அணி முதலாளிக்கு அந்தக் கவலையே கிடையாது. உன்னை விற்ற கையோடு அரங்கத்தின் கிழக்குப் பக்கம், பணக்காரர்கள் உட்கார்ந்து பார்க்க மெத்தை நாற்காலி போட்ட கண்ணாடி அறைகள் கட்டினார். போன மாதம் ரசிகர்களைக் கூப்பிட்டு மேலாளரைப் பேசவிட்டார். "மொதல்ல அரங்கம் நல்லா வரட்டும், ஜெயிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "மெத்த நாற்காலி பந்து போடாது சார், ஆள் வேணும்" என்று கேட்டேவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. நானும் விடுவதாக இல்லை. அடுத்த கூட்டத்திலும் அதையேதான் கேட்பேன்.

முந்நூறு பேர் இருந்த எங்கள் கேலரியில் இப்போது நாற்பது பேர்தான். ஆனால் வழக்கத்தை விடவில்லை. எங்கள் அணியின் முதல் கூடை விழும்வரை ஒருவரும் உட்காருவதில்லை. போன வாரம் ஆறு நிமிடம் நின்றோம், என் முழங்கால் கெஞ்சியது. கடைசியில் கூடையைப் போட்டது உன் இடத்தில் ஆடுகிறவன். நான் பழக்கதோஷத்தில் "குள்ளா!" என்று கத்திவிட்டேன். அவனும் நல்ல உயரம்தான், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கை உயர்த்திக் காட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவன்மேல் எனக்குக் கோபம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ சேர்ந்த வருடத்தை நினைத்துப் பார். ஒன்பது தோல்வி, நீ பந்தைத் தொட்டாலே கிழக்குப் பக்கம் ஊளையிடும். அப்போது எங்கள் கேலரியில் கொத்தனார் அண்ணன் உனக்காகக் கத்திக் கத்திக் குரல் போய், இரண்டு நாள் சைகையிலேயே வேலை வாங்கினார். அவருக்கு நீ யார்? இன்றைக்கு இந்தப் பையனின் அம்மா எங்கேயோ இருக்கிறாள். அவன் தோற்கும்போது நான் எழுந்து போனால் அந்த அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அதனால் டிக்கெட்டை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். வரமாட்டேன் என்றுதான் சொல்கிறார். ஆனால் நீ அனுப்பிய சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டாயிற்று.

நான் பழைய இடத்தில்தான் இருப்பேன், மூன்றாவது வரிசை. வருத்தப்படாதே. எங்களுக்காக இரக்கமும் படாதே. எங்கள் பையன்களை ஒரு கூடைகூடப் போடவிடாமல் எவ்வளவு நேரம் தடுக்க முடியுமோ, அவ்வளவு நேரம் தடு. உன்னைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. நான் நின்றுகொண்டிருந்தால்தான் நீ எனக்கு முழுசாகத் தெரிவாய்.

உன் கால்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்ற வேண்டுதலோடு,
அம்மா