உன் அப்பா வண்டி ஓட்டிய கதை

அன்பு மகளுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம். எல்லாரும் கடிதத்தின் தலையில் எழுதுகிற நலம் இல்லை இது, போன வாரம் டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஒண்ணும் இல்லம்மா, சுத்தமா இருக்கு, போய் வேலையப் பாருங்க என்று தன் வாயால் சொன்ன நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குட்டிக்குப் பல் முளைக்கிறதாமே, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும், சார்ஜர் ஒயரை எட்டாத இடத்தில் வை. ஸ்கேன் விஷயத்தைப் போனில் சொன்னபோது நீ அழுதாய், நான் அழுதேன், என்ன ஏதென்று தெரியாமல் குட்டியும் சேர்ந்து அழுதது, அதோடு பேச்சு முடிந்துவிட்டது. அதற்கு மறுநாள் இன்னொன்று நடந்தது. அதைப் போனில் அரைகுறையாகச் சொன்னால் வீணாகிவிடும், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்குப் போனில் காட்டியதெல்லாம் தலையில் ஸ்கார்ஃப் கட்டிய சிரித்த முகம்தான். உண்மையைச் சொல்கிறேன், இனிமேல் பயமில்லை. மார்பில் ஆபரேஷன் முடிந்து கீமோ ஆரம்பித்ததும் வாயெல்லாம் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஆகிவிட்டது. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள், சுவரில் விரலை எறும்பு மாதிரி ஊர விட்டுக் கையைத் தூக்கப் பழக வேண்டியதாயிற்று. அதைவிடக் கொடுமை பார்க்க வருகிறவர்கள். தைரியமா இருங்க, சிரிச்சுக்கிட்டே இருங்க, பாதி நோய் தானாப் பறந்துடும் என்பார்கள், சொல்லி வாயை மூடுவதற்குள் அவர்களே கண்ணைக் கசக்குவார்கள், நான் எழுந்துபோய் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். என் சிநேகிதி பேக்கரிக்காரி ஒருத்திதான் புத்தி சொல்லாதவள். ஓரத்தை வெட்டிய மெத்தென்ற ரொட்டியைப் பாலில் நனைத்து வைத்துவிட்டு, தெருக்கதை முழுவதும் சொல்லிவிட்டு, பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போவாள். சீட் பெல்ட் தழும்பின் மேல் அழுத்தாமல் இருக்க ஒரு சின்னத் தலையணை தைத்துக் கொடுத்தவளும் அவள்தான். நீ அங்கிருந்து வரும்போது அவளுக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கி வா, மணிக்கட்டு முழுகுகிற வரைக்கும் ரொட்டி மாவு பிசைகிறவள், தண்ணீர் பட்டாலும் கெடாததாகப் பார்.

பாதிக் கீமோ முடிந்த சமயத்தில் நான் அடம் பிடிக்க ஆரம்பித்தேன், இனிமேல் போகமாட்டேன் என்று. நீ அங்கே இருந்துகொண்டு கெஞ்சினாய், வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாய், நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். உன் மேல் கோபமில்லை கண்ணு. பாதியில விட்டா இதுவரைக்கும் பட்ட பாடு அத்தனையும் வீண், திரும்பி வந்தா என் கையில இல்ல என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஊசியைவிட அந்தப் போக்குவரத்துதான் என்னைக் கொன்றது. வாடகைக் காரின் பின்சீட்டில் என்னை ஏற்றி, கதவைச் சாத்தி, மடியில் வாந்திக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்து, பார்த்துப் போப்பா, பேஷன்ட் இருக்காங்க என்று டிரைவரிடம் சொல்வார்கள். அவன் ஒவ்வொரு திருப்பத்திலும் தப்புக் கியரில் திரும்புவான். நான் வாயைத் திறந்தால், நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா என்பான். எனக்கா ரெஸ்ட்! மூட்டை மாதிரி ஏற்றி மூட்டை மாதிரி இறக்குகிறார்கள், மூட்டைக்கு எதற்கு வைத்தியம் என்று தோன்றிவிட்டது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அந்த நாட்களில் நான் நிஜமாகவே போய்ச் சேர்ந்துவிடத் தயாராகத்தான் இருந்தேன்.

அடுத்த ஊசிக்குப் போக வேண்டிய காலையில் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.  உன் அப்பாவைப் பற்றித்தான் தெரியுமே, பல் செட் செய்து செய்தே காலத்தை ஓட்டியவர், ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுப்பார், தன் பல்லைக் காட்டமாட்டார். டிரைவிங் ஸ்கூல்காரியைக் கட்டிக்கொண்டும் இத்தனை வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடாத மனுஷன். உங்கிட்ட கத்துக்கிட்டா கார் ஓட்ட வரும், ஆனா கல்யாணம் மிஞ்சாது என்பார். அவர் எழுந்து வெளியே போனார், நான் டீ போடப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உறை போட்டு நிறுத்தியிருந்த என் பயிற்சிக் கார் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. என் கார், எல் போர்டு கட்டிய கார், என் காலுக்கென்று தனி பிரேக் வைத்த கார்! திருடன் திருடன் என்று கத்திக்கொண்டு மொட்டைத் தலையோடு வாசலுக்கு ஓடினேன். அந்த வாரம் முழுக்கக் கட்டிலிலிருந்து இறங்கத் தெம்பில்லாதவள் எப்படி ஓடினேன் என்று கேட்காதே. எதிர்வீட்டுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாயோடு ஓடி வந்தார், திருடனை நனைத்துப் பிடிக்கப் போகிறவர் மாதிரி.

பார்த்தால் உன் அப்பா. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.  அவர் கண்ணாடியை இறக்கி, எனக்கு இன்னும் லைசென்ஸ் வரல, பக்கத்துல டீச்சர் இல்லாம ரோட்டுல ஏறினா போலீஸ் பிடிச்சுக்கும், நீ வந்தா வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும், வரலன்னா இங்கேயேதான் நிக்கும் என்றார். பேக்கரிக்காரி ஏற்கெனவே பின்சீட்டில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள், கூட்டுக் களவாணி! நான் இன்னைக்கு ஊசிக்கு வரலன்னு சொன்னேன்ல என்றேன். ஊசிக்கு யாரு கூப்பிட்டா, எனக்குக் கிளாஸ் எடுக்கத்தான் கூப்பிட்டேன் என்றார். ஏறி உட்கார்ந்தேன். என் கால் தானாகப் போய் என் பிரேக்கின் மேல் உட்கார்ந்தது. அம்மாடி, அந்தக் கால் அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்கு என்ன தோன்றிற்று தெரியுமா, நான் இன்னும் சாகவில்லை என்று தோன்றிற்று.

தெருமுனை தாண்டுவதற்குள் அவர் யாரிடம் கற்றார் என்று கண்டுபிடித்துவிட்டேன். திரும்புவதற்கு முன்னால் வாய்க்குள்ளேயே கண்ணாடி, சிக்னல், தோள் என்று ராகம் போட்டு முணுமுணுத்தார். அந்த ராகம் இந்த ஊரிலேயே ஒருவருடையதுதான், எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூல் மீசைக்காரர். மீசையை எடுத்துப் பல வருஷமாயிற்று, பேர் மட்டும் போகவில்லை. அவர் மாணவர்கள் ரோட்டில் பாடிக்கொண்டே போவதை நான் எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! யார் கியர் மாற்றினாலும் யாரிடம் கற்றவர் என்று சொல்லிவிடுவேன், என்னை ஏமாற்ற முடியாது. எத்தனை நாளா நடக்குது இந்தத் துரோகம் என்று கேட்டேன், கேட்ட வேகத்தில் அவர் கிளட்சை விட்டார், சிக்னலுக்கு நடுவில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னால் ஊரே ஹாரன் அடிக்கிறது. அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச், பதறாதீங்க, பின்னால இருக்கிறவன் கத்தினா கத்தட்டும், ரோடு என்ன அவன் அப்பன் வீட்டுதா என்று நான் போட்ட கூச்சலில், ஆஸ்பத்திரி வாசல் வந்ததே தெரியவில்லை. ஊசியையும் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு ஊசி நாளும் கிளாஸ் நாள்தான். கீமோ போடுகிற ஹாலின் ஜன்னல் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்து இருக்கும். என்னை உள்ளே விட்டுவிட்டு அவர் கீழே ரிவர்ஸ் பார்க்கிங் பழகுவார், நான் மேலே நாற்காலியில் மருந்து ஏறுகிற கையை நீட்டிக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஒடிங்க, இன்னும் ஒடிங்க, இப்ப நேராக்குங்க என்று அதட்டுவேன். முதல் நாள் எல்லாரும் முறைத்தார்கள். அடுத்த தடவை ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். தொண்டையில் நோய் வந்து பேச்சுப் போன ஒரு லாரி டிரைவர் இருந்தார், அவர் ஜன்னல் வழியாக வலது இடது என்று கையாலேயே சைகை காட்டுவார், உன் அப்பா கீழே இருந்து அண்ணாந்து பார்த்து அவர் காட்டுகிறதையும் செய்யாமல் நான் சொல்கிறதையும் செய்யாமல் நடுவாந்திரமாக எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவார். அந்த ஹாலில் ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது பார், அங்கே அதுவரை யாரும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். நர்ஸ் ஓடி வந்து, மேடம், உங்க பிரஷர் ஏறுது, கத்தாதீங்க என்பாள், சொல்லிவிட்டுத் தானும் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். நான் உள்ளே நுழைந்தாலே, நம்ம ஆளு வந்துட்டாரா என்றுதான் கேட்பார்கள், என் உடம்பு எப்படி என்று ஒருவர் கேட்டதில்லை, எனக்கு அதுதான் நிம்மதியாக இருந்தது. கடைசிக் கீமோ அன்றைக்கு ஒரே வீச்சில், கோடு போட்டது போல நிறுத்தினார். ஹாலே கை தட்டிற்று. லாரி டிரைவர் என் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார், என் மாணவனுக்காக எனக்கு மரியாதை செய்தார். பெருமையில் எனக்கு நிலை கொள்ளவில்லை. கதிர்வீச்சுக்கும் அதே வண்டிதான், அதே டிரைவர்தான், அதே திட்டுதான்.

இப்போது மறுநாள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் சுத்தம் என்று தெரிந்ததும், வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன், கை ஒத்துழைச்சா தாராளமா என்றார் டாக்டர். மறுநாள் காலை பேக்கரிக்காரி தைத்த தலையணையை வைத்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நானே, தனியாக, என் காரை எடுத்தேன். கை ஸ்டியரிங்கின் உச்சி வரைக்கும் போயிற்று. சும்மா சொல்லக்கூடாது, ராணி மாதிரிதான் போனேன். போனது எங்கே தெரியுமா, மீசைக்காரர் ஸ்கூலுக்கு. ஆரம்பப் பாடம் அவர் சொல்லிக் கொடுத்தாலும் ஆளாக்கியது நான்தானே, ஆகவே டெஸ்ட்டுக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து அனுப்புவோம், தேதி வாங்குங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லப் போனேன். அவர் விழித்தார். டெஸ்ட்டா, யாருக்கு, அவரு பாஸாகி எவ்வளவோ நாளாச்சே மேடம், நீங்க வரமாட்டேன்னு படுத்தீங்களே, அதுக்கு முன்னாடியே லைசென்ஸ் கைக்கு வந்துடுச்சே என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் விடுவேனா, உலுக்கி எடுத்துவிட்டேன். எனக்கு நோய் என்று தெரிந்த வாரமே உன் அப்பா அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். நல்லபடியாகக் கற்று, முதல் தடவையிலேயே பாஸாகியும்விட்டார். அப்புறம் நான் முரண்டு பிடித்ததும் மறுபடி போய், வண்டி கெடாம, யாருக்கும் அடிபடாம, கத்துக்குட்டி மாதிரி எப்படி ஓட்டுறதுன்னு சொல்லிக் கொடுங்க என்று கேட்டிருக்கிறார். என் சர்வீஸ்ல மோசமா ஓட்டக் கத்துக்க வந்த ஒரே ஆளு அவருதான் மேடம், சிக்னல்ல வண்டியை நிறுத்துறதுக்கே அவருக்கு எத்தனை கிளாஸ் ஆச்சு தெரியுமா, கால் தானா நல்லா ஓட்டிடுது என்றார் மீசைக்காரர். எதுக்கு இந்த நாடகம்னு அவருகிட்டயே நான் கேட்டேன் மேடம், அதுக்கு அவரு, நான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போனா வரமாட்டா, அவ என்னைக் கூட்டிக்கிட்டுப் போகணும், அப்பத்தான் வருவா அப்படின்னாரு என்றார்.

நான் வந்து காருக்குள் உட்கார்ந்துகொண்டேன். நோய் என்று தெரிந்த அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை மகளே. இப்போது யோசித்தால்தான் உறைக்கிறது, போகும்போதுதான் குலுக்கலும் நிற்பதும் எல்லாம், மருந்து ஏறி நான் கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வரும்போது ஒரு தரம்கூட வண்டி நின்றதில்லை, ஒரு பள்ளத்தில்கூட இறங்கியதில்லை. என் பாடம் நன்றாக ஏறுகிறது என்று நானாகவே மார் தட்டிக்கொண்டிருந்தேன். யாரும் ஏமாற்ற முடியாதவளை மனுஷன் பக்கத்திலேயே உட்கார வைத்து ஏமாற்றி, உயிரோடு கொண்டுவந்து வீட்டில் இறக்கிவிட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கு இன்னும் தெரியாது. மீசைக்காரரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன், நீயும் போனில் உளறிவிடாதே, மாப்பிள்ளையிடமும் சொல்லி வை. நீங்கள் மூவரும் தேதி பார்த்துச் சீக்கிரம் புறப்பட்டு வாருங்கள், என்னைப் பார்த்துக்கொள்ள அல்ல, என்னைப் பார்க்க. அதற்கு முன்னால் நீ ஒரு வேலை செய்ய வேண்டும், அம்மாவுக்கு வந்திருக்கிறது என்று உன் டாக்டரிடம் சொல்லி மார்பகப் பரிசோதனைக்கு நாள் வாங்கு, குழந்தை இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதே, முடிந்ததும் எனக்குச் சொல். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நூறாண்டு இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள். இன்று காலைகூட மார்க்கெட்டுக்குப் போகும்போது அவர் சிக்னலில் வண்டியைக் குலுக்கி நிறுத்தினார், நான் அரைக் கிளட்ச், அரைக் கிளட்ச் என்று தொண்டை கிழியக் கத்தினேன், அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

இப்படிக்கு,
உன் அப்பாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா