கோயிலுக்குப் போன கொண்டென்சர்

பழுகாமம்,
வைகாசி 1996.

அன்பு நிறைந்த என்ர கண்ணகைக்கு,

உன் வீட்டில் நீ இல்லாமல் மருமகனாகக் குந்தியிருக்கும் தங்கராசா எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் அம்மாவும் சுகம். அந்தச் சுகம் விடியக் கோழி கூவ முதலே என் காதுக்கு வந்துவிடும். பெண் வீட்டில் குடியிருப்பது நம்மட பக்கத்து வழக்கம், அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பெண்ணே இல்லாத பெண் வீட்டில் மாமியும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சோறு தின்பதை நீ ஒருதரம் பார்க்கவேணும். நேற்றுப் பக்கத்து வீட்டு இரத்தினம்மாவிடம் மாமி, "றேடியோ திருத்துறாராம் கா, ஊரில ஒருத்தரிட்டயும் பெற்றரி இல்ல, இவர் ஆருக்குத் திருத்துறாரோ" என்று எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னா. பதில் சொல்லலாம் என்றால், சொன்னது உண்மை.

எரிந்த கூரையில் பாதிக்கு ஓடு ஏறிவிட்டது. நீ குவைத்தில் கோப்பை கழுவிய காசு. மீதிக்கு இன்னும் தென்னோலைக் கிடுகுதான்.

நீ குரல் பதிந்து அனுப்பிய கசட் வந்தது. உன்னோடு அங்கே வேலை செய்யும் றம்லா லீவில் வரும்போது கொண்டுவந்து, அவவின் தமையன் ஹமீட் நெல் வாங்க வந்தபோது பாலத்தைத் தாண்டி என் கையில் சேர்த்தார். லொறி காத்து நின்றதால் ஒரு கதையும் கதைக்காமல் ஓடிவிட்டார். "முக்கியமான விசயம் கசட்டில இருக்கு, கேட்டுப்போட்டு ஓம் எண்டோ வேணாம் எண்டோ எழுதி றம்லாட்டக் குடுத்து விடுங்க" என்று துண்டில் எழுதியிருந்தாய்.

இங்கேதான் உன் புருசனின் கெட்டித்தனம் தொடங்குகிறது. வருசச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்த அன்றைக்கே, ஜெனரேட்டரில் பாடுகிற கோயில் ஒலிபெருக்கிப் பெட்டி, அந்த அம்பிளி, ஊமையாகிப் போனது. கோயில் காரியம் பார்க்கிற வண்ணக்கர் சாமித்தம்பி வந்து என் கடைவாசலில் நின்றார். அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஊரில் இருக்கேலுமா? அம்பிளிக்குள் ஒரு கொண்டென்சர் செத்துக் கிடந்தது. பாலத்தில் ஆமி காவல் நிற்கிற சென்றியில் றேடியோச் சாமான் ஒன்றும் விடமாட்டார்கள். ஆகவே நம்மட கசட் றேடியோவில் இருந்ததைக் கழற்றி அதில் பூட்டினேன். இரண்டு நாள் கழித்து உன் கசட் வருகிறது.

கொண்டென்சர் என்றால் சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்னக் குப்பி. அதன் வேலையும் நம்மட சென்றியின் வேலைதான். ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டு வருகிற கரன்டை மறிக்கும். முன்னும் பின்னும் ஆடி வருகிற குரலை மட்டும் ஸ்பீக்கருக்கு விடும். பாலத்தில் பெற்றரியைப் பறித்துக்கொண்டு ஆளைப் போகவிடுகிறார்களே, அப்படி. அது இல்லாவிட்டால் ஸ்பீக்கர் கருகும். இதைத்தான் இருபது வருசமாக ஊருக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் கண்ணகை, ஒன்றரை வருசமாக உன் சத்தம் கேட்கவில்லை. அஞ்சு நிமிசம் தாங்காதா என்று, அந்த இடத்தில் ஒரு வயர்த்துண்டை வைத்து ஒட்டினேன்.

பெற்றரி இல்லாததால் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவில் இருந்து கரன்ட் எடுத்தேன். நான்தான் மிதித்தேன். மூக்கடைத்த மாதிரித்தான் கேட்டது, என்றாலும் உன் குரல். அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்றாய். நான் மெலிந்தேனா என்று கேட்டுச் சிரித்தாய். மெடம் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லுறா என்றாய். அடுத்தது என்ன சொல்லப்போகிறாய் என்று பதறி நான் வேகமாக மிதித்தேன். மிதிக்க மிதிக்கக் கரன்ட் கூடியது. புகை வந்தது, நீ நின்றுவிட்டாய். மாமி தண்ணீர் வாளியோடு ஓடிவந்து றேடியோவை விட்டுவிட்டு என் தலையில் ஊற்றினா.

ஊரில் கசட் பாடுகிற மற்றப் பெட்டி கோயில் அம்பிளி ஒன்றுதான். வண்ணக்கர் பெரிய மனதோடு, "அதில போடுவம், பிள்ளையிட குரல ஊரே கேக்கட்டும்" என்றார். மாமிக்கும் சம்மதம். அதன் ஸ்பீக்கர்க் குழாய் புளியமரத்து உச்சியில் கட்டிக் கிடக்கிறது. புருசனுக்குச் சொன்னதைப் பழுகாமம் முழுக்கக் கேட்பதா? மாட்டேன் என்றுவிட்டேன்.

ஆகவே என் பதில்: உன் விருப்பம். சிரித்துத்தானே கதைத்தாய். இருக்க மனமென்றால் இரு. மீதிக் கூரைக்கும் ஓடு போடலாம்.

கண்ணகை, மேலே உள்ளதை மடித்து உறைக்குள் வைத்த பிறகு, கடிதம் வாங்க ஹமீட் வந்தார். இன்றைக்கு ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார். அன்றைக்குச் சென்றியில் கசட்டைப் பிடித்துவிட்டார்களாம். இவரை வெளியில் நிறுத்திவிட்டு, ஒரு ஆமிப்பொடியன் கசட்டைத் தங்கட றேடியோவில் போட்டு நடுவுக்கு ஓடவிட்டு, காதோடு வைத்துக் கேட்டானாம். தமிழ் நாலு சொல்லுக்கு மேல் தெரியாத சிங்களப் பொடியன். கனநேரம் கேட்டுவிட்டு வெளியில் வந்து, "நோனா... பொம்பிள அழுது. கொண்டு போ" என்று கையில் கொடுத்தானாம். இன்னொரு தரம் கொண்டுவந்தால் பறிப்பேன் என்றும் சொன்னானாம்.

நான் மாமியைப் பார்த்தேன். மாமி அடுப்படிக்குள் போய்விட்டா. சட்டி கழுவுகிற சத்தம் கேட்டது. சட்டி ஏற்கெனவே கழுவித்தான் இருந்தது.

மேலே எழுதிய பதிலை வெட்டிவிடு. கையெழுத்து வைக்காதே. வேணாம். மெடம் என்ன தருகிறேன் என்றாலும் வேணாம். கூரைக்குக் கிடுகு போதும், மழைக்கு நான் வாளி வைக்கிறேன். கோயில் சடங்கு முடிந்து அம்பிளி என் கைக்கு வந்தாலும் அந்தக் கசட்டைப் போடமாட்டேன். நீ அழுவதை மிதித்துக் கேட்க என் காலுக்குப் பலமில்லை. மீதியை வந்து சொல்லு.

நாளைக்குச் சடங்கின் கடைசி நாள், குளுத்தி. அம்மனைக் குளிரவைத்த தண்ணீரில் உன் பங்கையும் ஒரு போத்தலில் வாங்கி வைக்கச் சொல்லி மாமி சொல்கிறா. வாங்கி வைக்கிறேன். நீ வரும்வரை மூடி திறக்கமாட்டோம். அம்மன் உன்னைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் வீட்டில் இருக்கும்,
தங்கராசா.