அனுப்பி வைக்கிற கை

14 நவம்பர் 1995, செவ்வாய்

மழை. கிளினிக் முழுக்கக் காய்ச்சலும் ஈரக் குடைகளும். நர்ஸ் பொன்னிக்கு வாய் நீளம், ஆனால் அவள் இல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தை என்னால் சமாளிக்க முடியாது.

மத்தியானம் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு வீட்டுக்கு அழைத்தார்கள். அப்பாதுரை, தண்டராம்பட்டுப் பக்கம் விவசாயி. தொண்டையில் புற்று. சென்னையில் கைவிட்டுவிட்டார்கள். மனைவி சந்திரம்மாளோடு இங்கே ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார், இந்த ஊரில் சாக வேண்டும் என்பதற்காகவே. வெள்ளைக்காரர்கள் இங்கே வாழ வருகிறார்கள், நம்மவர்கள் சாக வருகிறார்கள். வலிக்கு ஊசி போட்டேன். இனி தினமும் போக வேண்டும்.

20 நவம்பர், திங்கள்

அப்பாதுரைக்குக் குரல் போய்விட்டது, வெறும் காற்றுதான் வருகிறது. குனிந்து கேட்டேன்.

"டாக்டரம்மா, மலையில தீபம் ஏத்தற நேரத்துக்கு என்னை அனுப்பி வெச்சிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "அது என் வேலை இல்லீங்க. வலியைக் கம்மி பண்றதுதான் என் வேலை" என்றேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. சந்திரம்மாள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். கலெக்டர் ஆபீஸ் வேலை, சட்டம்தான் முதலில் வாயில் வரும். "எழில், பாவம் பாத்து ஏதாவது செஞ்சி வெச்சிடாத. ஜெயில்தான்" என்றார். செய்கிற மாதிரியா தெரிகிறேன்?

28 நவம்பர்

இன்று அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் மருந்து ஏற்றினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். வழக்கமான அளவைத்தான் போட்டேன்.

5 டிசம்பர், செவ்வாய். தீபம்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானமே வழக்கமான ஊசியைப் போட்டுவிட்டு வந்திருந்தேன். சாயங்காலம் மூச்சு திணறுகிறது என்று ஆள் வந்தது. ரோடெல்லாம் ஜனம், ஆட்டோ நுழையாது, நடந்தே போனேன். பை கிளினிக்கிலேயே தங்கிவிட்டது. வெறும் கையோடுதான் போனேன்.

மலையில் தீபத்தைப் பார்த்த பிறகுதானே வீட்டில் விளக்கு வைப்போம், அதனால் அந்தத் தெருவே இருட்டு. "நீங்க கூட இருங்கம்மா, மாடிக்குப் போய் பாத்துட்டு வந்து வெளக்கேத்தறேன்" என்று சந்திரம்மாள் போய்விட்டாள். அறையில் நாங்கள் இருவர் மட்டும். நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர். அங்கிருந்து மலை தெரியாது. தெரியவே தெரியாது.

"ஏத்திட்டாங்க" என்றார் அப்பாதுரை.

காற்றாக இல்லை. குரலாகவே சொன்னார்.

என் விரலுக்கடியில் நாடி நின்றது. அதற்குப் பிறகுதான் வெளியே ஊரே அரோகரா என்று கத்தியது. அதற்குப் பிறகு! முதலில் அவர், பிறகு நாடி, பிறகு ஊர். எத்தனையோ சாவு பார்த்தவள் நான். அந்த இருட்டில் அவர் கையைப் பிடித்தபடியே இருந்தேன். சந்திரம்மாள் அகல் விளக்கோடு வந்து பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தேன்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

8 டிசம்பர்

சந்திரம்மாள் தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கோடு கிளினிக்குக்கே வந்து என் காலில் விழுந்தாள். "எங்க வூட்டுக்காரரு கேட்ட நேரத்துக்கே அனுப்பி வெச்சீங்களேம்மா. பெத்த தாய் கூட செய்யமாட்டா."

நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகத்தான் போனார் என்று எடுத்துச் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரியும்மா. வெளிய சொல்லக்கூடாது, இல்ல?"

காய்ச்சலுக்கு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பொன்னி அந்தத் தேங்காயைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள்.

19 டிசம்பர்

அப்பாதுரையின் தம்பி சின்னசாமி போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். தீபத்தன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டதால் அண்ணன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. வந்ததும் அண்ணி சந்தோஷமாகச் சொன்ன செய்தி, டாக்டரம்மா நல்லபடியாக அனுப்பி வைத்தார்கள் என்பது. அவர் நிலையில் நான் இருந்தாலும் ஸ்டேஷனுக்குத்தான் போயிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார். "அவர் உங்ககிட்ட சாவு கேட்டாரா?" கேட்டார். "அந்த நேரத்துல ரூம்ல வேற யாராவது இருந்தாங்களா?" இல்லை. "லைட்டு?" இல்லை.

எனக்கே என் பதில்கள் பிடிக்கவில்லை. உடலையும் எரித்தாகிவிட்டது. குற்றம் செய்யவில்லை என்று காட்ட அதில் ஏதாவது இருந்திருந்தால் அதுவும் சாம்பல்.

21 டிசம்பர்

சந்திரம்மாள் வாக்குமூலம் கொடுத்துவிட்டாள். புகழ்ந்து தள்ளியிருக்கிறாளாம். அந்த அம்மா புண்ணியவதி, அவங்களை ஒண்ணும் பண்ணாதீங்க, என் புருசனுக்கு நல்ல சாவு குடுத்தாங்க என்று. இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? திட்டினாள் என்றால் சண்டை போடலாம்.

4 ஜனவரி 1996

வக்கீல் அருள்ராஜைப் பார்க்க இவரும் லீவு போட்டுவிட்டு வந்தார்.

"ஊசிய நீங்களே போட்டிருந்தீங்கன்னா கொலை, முந்நூத்தி ரெண்டு. அவரா சாகறதுக்கு நீங்க உதவி மட்டும் பண்ணியிருந்தா தற்கொலைக்கு உடந்தை, முந்நூத்தி ஆறு. பத்து வருஷம் வரைக்கும் போடலாம்."

"நோயாளி கெஞ்சிக் கேட்டாருன்னா?" என்று கேட்டேன்.

"கேட்டாலும் அதேதான். டாக்டருக்குன்னு தனியா விலக்கு எதுவும் கெடையாது."

"ரெண்டுமே பண்ணலீங்க."

அருள்ராஜ் இவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக ஒரு யோசனை சொன்னார். தொண்ணூற்று நாலில் சுப்ரீம் கோர்ட்டு தற்கொலை முயற்சிக்குத் தண்டனை செல்லாது என்று சொல்லிவிட்டது. சாக நினைப்பதே குற்றமில்லை என்றால் அதற்கு உதவுவது எப்படிக் குற்றமாகும்? "மருந்தைப் பக்கத்துல வெச்சேன், அவரே எடுத்துக்கிட்டாருன்னு சொல்லுங்க. மீதிய நான் வாதாடிக்கறேன்."

அப்போதுதான் உறைத்தது. என் வக்கீலே நான் செய்தேன் என்றுதான் நினைக்கிறார். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் இவர் என் கூடவே நடந்தார். "நான் நம்பறேன் எழில்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத் தெருவிலேயே அழுதேன், வெட்கமில்லாமல்.

23 ஜனவரி

காய்ச்சல் சீசனிலும் கிளினிக் காலி.

சாயங்காலம் ஒரு வேன் வந்து நின்றது. போளூர்ப் பக்கமிருந்து ஒரு கிழவியைக் கட்டிலோடு கொண்டு வந்திருந்தார்கள். மகன் சொன்னான்: "நாலு மாசமா இழுத்துக்கினு கீது. நீங்க கைய வெச்சா போதும்னு சொன்னாங்க."

அவனைத் திட்டிய திட்டு எனக்கே நினைவில்லை. இருந்தாலும் டாக்டர் ஆயிற்றே, பார்க்காமல் அனுப்ப முடியுமா? நாடி பிடித்தேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். மருந்து எதுவும் தரவில்லை.

வேன் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் போய்விட்டாளாம். பொன்னி வந்து சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தாள்.

11 பிப்ரவரி

இன்னொருவர். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக்கொண்டு வந்த குடும்பம். தொட்டேன். மறுநாளே போய்விட்டார்.

சாகப் போகிறவர்களைத்தான் என்னிடம் கொண்டுவருகிறார்கள். அவர்கள் செத்தால் என் கைராசி என்கிறார்கள். இதில் என்ன அதிசயம்? முதல் வருஷ மாணவனுக்குக் கூடப் புரியும்.

நேற்று தனியாக இருந்தபோது என் நாடியை நானே பிடித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஆனாலும் சட்டென்று விட்டுவிட்டேன்.

22 மார்ச், வெள்ளி

பேப்பரில் போட்டிருக்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டு பழைய தீர்ப்பை மாற்றிவிட்டது. தற்கொலை முயற்சி குற்றம்தான், துணை போவதும் குற்றம்தான், சாகும் உரிமை என்று ஒன்று இல்லை. அருள்ராஜ் சொன்ன பொய்யைச் சொல்லியிருந்தால் இன்று கதி என்ன? அவரே போன் பண்ணி, "நல்லவேளைம்மா" என்றார்.

இன்று முழுக்க ஒரே யோசனை. அந்த நவம்பர் இருபத்தெட்டில் ஒரு கணம் தோன்றியதே, அந்த நினைப்புக்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. இருந்திருந்தால் நான் குற்றவாளிதான்.

9 ஏப்ரல்

தேர்தல் வண்டிகள் மைக்கில் கத்திக்கொண்டு போகின்றன. கத்தட்டும், வீட்டில் சத்தமாக இருந்தால் நன்றாக இருக்கிறது.

பொன்னி வேலையை விட்டு நின்றுவிட்டாள். மாமியார் வேண்டாம் என்கிறாராம். போகும்போது சம்பளத்தை மேசையில் வைக்கச் சொல்லி, அங்கிருந்து எடுத்துக்கொண்டாள்.

17 மே

சின்னசாமியே வந்தார். புகார் கொடுத்த அதே சின்னசாமி. வாசற்படி ஏறவில்லை.

"கோவத்துல எழுதிக் குடுத்துட்டேன். அண்ணி சொன்னது நெசமான்னு ஒரே ஒரு தடவ சொல்லிடுங்க. கேசு வேணாம். எனக்குத் தெரிஞ்சா போதும்."

"இல்லீங்க. நான் எதுவும் குடுக்கல. அவரு நாடியப் பிடிச்சிக்கினு இருந்தேன், அவ்ளோதான்."

"அப்போ அண்ணன் தனியா போகல" என்றார். என்னை முழுசாக நம்பிய வெளி ஆள் அவர் ஒருவர்தான். ஆனால் கிளம்பும்போது நான் கும்பிட்டதற்கு அவர் திருப்பிக் கும்பிடவில்லை, இரண்டடி தள்ளிப் போனார்.

2 ஜூலை

முடிந்தது. ஆதாரம் இல்லை என்று மேல் நடவடிக்கையைக் கைவிட்டுவிட்டார்கள். அருள்ராஜ் இனிப்பு வாங்கி அனுப்பினார். இவர் இரண்டு எடுத்துச் சாப்பிட்டார். கிளினிக்கில் பினாயில் போட்டுக் கழுவினேன். நாளையிலிருந்து எல்லாம் பழையபடி.

10 ஜூலை

யாரும் வரவில்லை.

26 ஜூலை, வெள்ளி

ஆபீஸிலிருந்து இவர் சீக்கிரமே வந்துவிட்டார். குளிர் ஜுரம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைக்கப் போனேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் எழில். காலையில வேற யாரையாவது பாத்துக்கறேன்."

"நம்பறேன்னு சொன்னீங்களே?"

"இப்பவும் நம்பறேன். நீ எதுவும் செய்யல." சுவரைப் பார்த்தபடியே, "கோச்சிக்காத" என்றார்.

கோபித்துக்கொள்ளவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். தெர்மாமீட்டரை உதறி ஸ்டூல் மேல் வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டேன். அவரே எடுத்து வாயில் வைத்து, அவரே பார்த்து, நூற்றிரண்டு என்று அங்கிருந்தே எனக்குச் சொன்னார்.