கம்ப்யூட்டருக்குத் தைத்த சட்டை

தையல்காரப் புருஷன் ஷரீப் ஜும்ஆ தொழுகை முடிந்து வருவதற்குள் ஷர்மின் தேனி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும். காலையில் அவரைத் திட்டிய அதே வேகத்தில் ஒரு சீட்டை எழுதி, தன் கம்ப்யூட்டருக்கு அவர் ஆசையாகத் தைத்துக் கொடுத்த வெல்வெட் உறையில் குண்டூசியால் குத்தினாள்.

"மச்சான், மீன் ஆணம் அடுப்படியில மூடியிருக்கு. கோவத்துல சாப்பிடாம இருந்துறாதீக.

கம்ப்யூட்டரைப் போட வேணாம். அது சூடேறி அணைஞ்சதும், திரும்பப் போட்டா 'ஃபேன் எரர்'னு காட்டுனதும் உங்க உறையால இல்ல. தூசி துடைக்கக் கழட்டுன ஃபேன் வயரை நான்தான் மாட்ட மறந்துட்டேன். இப்ப மாட்டியாச்சு. உள்ள சூட்டை இழுக்குற பேஸ்ட்டும் காஞ்சு கெடக்கு, புதுசு வாங்கத்தான் போறேன்.

ஓடைப்பட்டி சுருளியாண்டி அண்ணன் கம்ப்யூட்டர்ல அடிக்கச் சொன்ன காதுகுத்துப் பத்திரிகையை வாங்க வந்தாகன்னா, நாளைக்குன்னு சொல்லுங்க.

'கண்டதுக்கெல்லாம் சட்டை தைப்பீகளா'ன்னு கேட்டது தப்புதான்."

அடியில் இடமில்லை. சீட்டைத் திருப்பி ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"சூடு வெளிய போக, உறைக்குப் பின்னாடி ஒரு ஜன்னல் வெட்டி உங்க மெஷின்லயே ஓரம் அடிச்சிருக்கேன். தையல் கோணல்தான். பிரிச்சுத் தைச்சிறாதீக மச்சான், அப்படியே இருக்கட்டும்."