செத்தவன் நான்தான், ஐயா

மச்சான்,

இன்று காலை மகளின் அடையாள அட்டைக்குப் பிளாஸ்டிக் உறை ஒட்டக் கடைக்குப் போனேன். சூட்டில் பிளாஸ்டிக் இளகிய மணம் வந்ததும் என் பழைய கடல் பாஸ் நினைவுக்கு வந்தது. அதோடு நீ.

கரையில் நேவிக் காவலில் பாஸைக் காட்டினால்தான் போட்டைக் கடலில் தள்ளலாம். உன்னுடையது காலாவதியாகிக் கிடந்தது. எனக்கோ காய்ச்சல். "என்ரையைக் கொண்டு போ. படத்திலை நீயும் நானும் ஒரே குரங்குதானே" என்று நான்தான் உன் மடியில் செருகினேன். தலைமன்னாரில் பாதிப் பேர் அப்படித்தான் மாறிமாறிப் போனோம்.

மத்தியானம் கடலில் துப்பாக்கிச் சூடு கேட்டது. சுட்டது யார் என்று எவரும் சொல்லவில்லை. உன்னைக் கரைக்கு இழுத்து வந்தபோது கழுத்துக்கு மேலே பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. பாஸ் மட்டும் கிழியாமல் இருந்தது. மரணத்தைப் பதிந்தவர் அதைப் பார்த்து என் பெயரை எழுதினார். உன் காலில் திருக்கை குத்திய வடுவைப் பிடித்துக்கொண்டு, "இது என்ரை மனுசன்" என்று உன் மனைவி கத்தினாள். அவர் நிமிரவேயில்லை.

வருடக்கணக்காக மீனவர் பென்சன் காப்புறுதி கட்டியவன் நீ. ஆனால் கடதாசியில் நீ உயிரோடு இருந்தாய். உயிரோடு இருப்பவனின் மனைவிக்கு ஏது விதவைப் பென்சன்? என் மனுசிக்கு வேறு கவலை. "காப்புறுதியும் கட்டாமல் செத்திருக்கிறியள். செத்தும் பிரயோசனமில்லை."

உன் மனைவியோடு காப்புறுதிக் கந்தோருக்குப் போய் என் மரணச் சான்றிதழை மேசையில் வைத்தேன்.

"அந்தச் செத்தவன் நான்தான், ஐயா."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப பாஸ் எப்பிடி அவரிட்டைப் போனது?"

"நான் குடுத்தனான்."

"அதை நேவிக் காம்பிலை சொல்லிக் கடிதம் எடுத்துக்கொண்டு வாரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யோசிச்சுப் போம்" என்றார்.

வெளியே வந்ததும் உன் மனைவி என் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம் அண்ணை. அடிச்சே கொல்லுவாங்கள்."

"ஒருக்காச் செத்தவனை இன்னொருக்கா எப்பிடித் தங்கச்சி கொல்லுறது?"

காம்பில் முயன்று பார்த்தார்கள், மச்சான். முழங்காலில் இருத்தித் துவக்குப் பிடியால் முதுகில் இடித்தார்கள். பாஸை வேறு யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டுக் கேட்டு மணல் நிரப்பிய குழாயால் அடித்தார்கள். முன்பல் இரண்டு சாரத்து மடியில் விழுந்தன. ஒருவன் இடது காதோடு சேர்த்து அறைந்தான்; உள்ளே ஏதோ கிழிந்தது. ஒரே பெயரைத்தான் சொன்னேன், உன்னுடையதை. மூன்றாம் நாள் கடிதம் தந்தார்கள்: பாஸ் என்னுடையது, உடல் உன்னுடையது.

சான்றிதழ் திருந்தி வர மாதங்கள் ஆயின. பென்சன் எடுக்க முதல் தடவை கையெழுத்துப் போட்ட அன்று உன் மனைவி தபால் கந்தோர் வாசலிலேயே குந்திவிட்டாள். "இப்பதான் அவர் செத்தது மாதிரிக் கிடக்கு, அண்ணை."

பல்லுக் கட்டிக்கொண்டேன். காதுதான் திறக்கவில்லை. கரையில் வலை இழுக்கும்போது யாரோ "டேய்" என்றது போலிருந்தால் உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்க்கிறேன். கூப்பிடுவதென்றால் வலப்பக்கமாக வந்து கூப்பிடு, மச்சான். இடப்பக்கம் நின்று நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.